பழந்துடுப்பும் புதுமாணாக்கனும்

துடுப்பாட்டம் பயிலப் புகும் சிறுவனுக்குப் புதுத் துடுப்பு வேண்டா. பிறர் ஆடிப் பழகிய பழந்துடுப்பே போதும் என்பது எமது கருத்து. போதும் என்று மட்டும் கூறி நிறுத்தின், அஃது ஏழைக்கு உரைக்கும் ஆறுதலாய் முடியும். வசதி படைத்தோன் மகனுக்கும் முதல் துடுப்புப் பழையதாதலே நன்று என்பதே யாம் ஈண்டு நிறுவ முயல்வது.

இலக்கணம் கற்பிப்பவனுக்குத் துடுப்பில் என்ன தொழில் என வினவுவார் உளராகலாம். காலையில் எம்மிடம் வேற்றுமைப் புணர்ச்சி கேட்கும் பிள்ளையே மாலையில் மைதானத்தில் நிற்கிறான். ஓரிடத்து அவன் கொள்ளும் பழக்கம் மற்றையிடத்தும் வந்து தோன்றுகின்றது. அன்றியும், துடுப்பு என்னும் சொல்லை ஆளுவதில் எமக்கு ஒரு சிறு பெருமையும் உண்டு. தமிழகத்தார் மட்டை என்பர். நாம் துடுப்பு என்கிறோம். ஓடம் உகைப்பதும் துடுப்பு, களி கிண்டுவதும் துடுப்பு. ஒடுங்கிய பிடியும் அகன்ற பலகையும் உடைய அக்கருவிகளோடு இதற்குள்ள வடிவொற்றுமை கண்டு இப்பெயரிட்டவர் எவரோ, அவர் நல்ல கண்ணுடையார். மட்டை என்பதும் பிழையன்று; எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர்க்கு முதலிற் கிடைப்பது தென்னை மட்டையைச் செதுக்கிய துடுப்பே யாதலின்.

அம்மட்டையால் மென்பந்து அடிக்கும்வரை இடரில்லை. கடினப்பந்துக்கு வரும்போதே இடர் தொடங்குகின்றது. துடுப்பின் பலகை வில்லோ மரத்தாலாயது. உயர்ந்தது எனப்படுவது இங்கிலாந்தில் வளரும் வில்லோ. அதற்கு அடுத்தது காசுமீரத்தது. இந்தியாவின் மீரட், சலந்தர் ஆகிய நகரங்களிலும், பாக்கித்தானின் சியால்கோட்டிலும் தொழிலாளர் இவற்றைச் செய்து உலகெங்கும் அனுப்புகின்றனர். 2022ஆம் ஆண்டில் உரூபாவின் மதிப்புச் சரிந்தபின், இவ்வாறு கடல்கடந்து வரும் பண்டங்களின் விலை எளிய குடும்பத்தாரின் கைக்கு எட்டுவதாயில்லை. இதனால் நேர்வது யாதெனின், துடுப்பில்லாத பையன் பயிற்சிக்கு வந்து எல்லைக்கோட்டருகே நின்று பந்து பொறுக்குகிறான். சில நாளிற் பந்தெறியப் பழகுகிறான். பின்னர் பந்துவீச்சாளன் எனப் பெயர் பெறுகிறான். அவனுக்கு அமைந்த திறமை அதுதானா என்பதை ஒருவரும் சோதித்துப் பார்த்திலர். கையிற் பந்து இருந்தது, துடுப்பு இல்லை, அவ்வளவே. நம் பாடசாலை அணிகளில் இவ்வாறு வறுமையால் வகுக்கப்பட்டவர் எத்தனை பேர் என்று பயிற்றுநர் ஒருகாற் சிந்தித்தல் வேண்டும்.

மறுபுறத்தே, கடன்பட்டேனும் புதுத் துடுப்பு வாங்கிக்கொடுக்கும் தந்தையரும் உளர். கொழும்புக்குச் சென்று வாங்குவார் ஒருவர். இலண்டனிலுள்ள மைத்துனரைக் கேட்பார் ஒருவர். வந்து சேர்வது பெரும்பாலும் வளர்ந்தோர்க்குரிய முழு அளவுத் துடுப்பு. பதினொரு வயதுப் பையன் அதனைத் தூக்கமாட்டாது தடுமாறுவதைச் சுட்டிக் காட்டினால், "அடுத்த வருசம் வளர்ந்திடுவான் தானே, ஐயா. இரண்டு தரம் வாங்க எங்களாலை ஏலுமோ?" என்பது விடை. காற்சட்டையை இவ்வாறு வாங்கலாம். கீழே மடித்துத் தைத்துக்கொள்ளலாம். துடுப்பை மடிக்க இயலாது.

அளவு மிஞ்சிய துடுப்பை ஏந்தும் சிறுவன் அதனை நேராகப் பின்னே உயர்த்த வலியின்றிக் கீழ்க்கையால் இழுக்கிறான். பந்து வரும் நேர்கோட்டில் இறங்கவேண்டிய பலகை குறுக்கே வீசுகின்றது. பிடியின் முனை வயிற்றில் இடிக்கும். அதற்குத் தப்ப உடலை வளைத்து நிற்கப் பழகுவான். இரண்டோராண்டிற் கை வளர்ந்து துடுப்பு அளவாகிவிடும். வளைந்த பழக்கமோ நிமிராது. பென்சிலைப் பிழையாகப் பிடித்து எழுதப் பழகிய பிள்ளையைத் திருத்தப் புகுந்த ஆசிரியர் யாவரும் இதனை அறிவர்.

பெருந்துடுப்பில் ஆசை வைத்தல் புதியதன்று. 1771ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹம்பிள்டன் கழகத்தாரோடு ஆடவந்த சேட்சி அணியினர் ஒருவர் விக்கெற்றின் அகலம் முழுவதையும் மறைக்கும் துடுப்போடு வந்து நின்றார். அதன் பின்னரே துடுப்பின் அகலம் நாலேகால் அங்குலத்தின் மிகலாகாது என வரையறுத்தனர். நீளம் 38 அங்குலத்தின் மிகலாகாது என்பது 1835இல் வந்தது. விளிம்பின் தடிப்பு 40 மில்லிமீற்றரைத் தாண்டலாகாது என்பது 2017இல் வந்தது. ஆயினும் பத்து வயதுப் பிள்ளையின் கையில் எவ்வளவு கனம் இருத்தல் தகும் என எந்தச் சட்டமும் கூறாது. அதனைத் தந்தையும் ஆசிரியருமே கூறவேண்டும்.

பழந்துடுப்பிற் பயின்றோர் மேன்மையடைவரோ எனின், அவுஸ்திரேலியாவின் டொன் பிரட்மன் சான்றாவார். 52 ரெஸ்ற் ஆட்டங்களில் 99.94 என்னும் சராசரியை எய்திய அவர், பௌரல் என்னும் சிற்றூரிற் சிறுவனாயிருந்த காலத்துத் தண்ணீர்த்தொட்டியைத் தாங்கிய செங்கற் சுவரில் கோல்ப் பந்தை எறிந்து, அது தெறித்து வருங்கால் விக்கெற் தடி ஒன்றினால் அடித்துப் பழகியமை பலரும் அறிந்தது. பலர் அறியாதது, அவரது துடுப்பின் வரலாறு. பன்னிரண்டு வயதளவில் ஊரணியில் ஓராள் குறைந்தபோது அவர் ஆட நேர்ந்தது. அவரது ஆட்டத்தை மெச்சிய அணியினர் ஒருவர் தமது பழைய துடுப்பொன்றைப் பரிசாகக் கொடுத்தார். அது முழு அளவினது, வெடிப்பும் கண்டிருந்தது. தச்சுத்தொழில் அறிந்த தந்தையார் அதன் அடியில் மூன்று அங்குலம் அரிந்து மகன் கைக்கு அளவாக்கினார். மகன் வளர்ந்து துடுப்பை எட்டுவான் என அவர் காத்திருந்திலர். துடுப்பையே மகனுக்கு இறக்கிக் கொடுத்தார். எமக்கு இச்செய்தியில் வியப்பூட்டுவது பிரட்மன் அல்லர், அவருடைய தந்தையாரே. அப்பிரட்மன் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில், கொழும்பிலுள்ள தமிழ் யூனியன் கழக மைதானத்தில் ஆடினார் என்பதையும் மாணவர்க்கு இடையே நினைவூட்டலாம்.

புதுத் துடுப்பில் மற்றுமொரு தொல்லை உண்டு. கடையிலிருந்து வந்தவுடன் அது பந்தை எதிர்க்கத் தகுந்ததன்று. காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி ஆறவிட்டு, மரச்சுத்தியலாலோ பழம்பந்தாலோ மணிக்கணக்கிற் பொறுமையாகத் தட்டி, முகப்பின் நாரை இறுக்குதல் வேண்டும்; விளிம்பையும் அடிமுனையையும் சாய்வாகத் தட்டி உருட்டுதல் வேண்டும். தட்டிப் பதப்படுத்தியது என எழுதி விற்பனவற்றுக்கும் சிறிது தட்டல் இன்றியமையாதது. பொறுமையற்ற சிறுவன் இதனைச் செய்யான். வாங்கிய அன்று மாலையே புதுப்பந்துக்கு எதிரே நிற்பான், விளிம்பு பிளக்கும், வீட்டில் அழுகையும் ஏச்சும் எழும். பழந்துடுப்போ இச்சோதனையைக் கடந்து வந்தது. முன்னுடையவன் செலவிட்ட உழைப்பு விலையின்றியே உடன் வருகின்றது.

எனினும் பழையன யாவும் நல்லன அல்ல. பார்த்து வாங்கத் தெரிதல் வேண்டும். முதற்கண் கையளவு. துடுப்பைக் காலருகே நிலத்தில் ஊன்றி நிறுத்தினாற் பிடியின் முனை தொடையின் மேற்பகுதி வரையே வரவேண்டும். அடுத்து, வலக்கையாட்டக்காரன் ஆயின் இடக்கை ஒன்றினாற் பிடியைப் பற்றித் துடுப்பை முன்னே நீட்டிப் பிடித்துப் பத்து எண்ணட்டும். அதற்குள் கை தாழுமாயின் அத்துடுப்பு அவனுக்கு உரியதன்று, எவ்வளவு மலிவாயினும் விடுக. சிறுவர் துடுப்புகள் ஒன்று முதல் ஆறு வரை எண்ணிடப்பட்டு, அதற்கு மேல் ஹரோ என ஓரளவும், அதற்கும் மேல் முழு அளவும் உண்டு. ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள பையனுக்கு ஆறாம் எண் பொருந்தும். ஆயினும் எண்ணை நம்புவதினும் கையை நம்புதல் நன்று. எண் ஒன்றாயிருக்க எடை வேறுபடுவன பல. முழு அளவுத் துடுப்புக்களே இரண்டரை இறாத்தலுக்குக் குறைந்தும் உள, மூன்றை எட்டுவனவும் உள.

பின்னர் மரத்தைப் பார்க்க. முகப்பில் நெடுக்காக ஓடும் மயிரிழை வெடிப்புக்களுக்கு அஞ்சவேண்டா. ஆடிய துடுப்பு யாவற்றுக்கும் அவை முதுமைச் சுருக்கம் போல்வன. குறுக்கே ஓடும் வெடிப்பு, சிறிதாயினும், கொடிது. முதுகுப்புறத்தே குறுக்கு வெடிப்புத் தோன்றின் அதனைக் கீழே வைத்துவிடுக. பிடியானது பிரம்புத் துண்டுகளை ஒட்டிச் செய்யப்பட்டு, பலகையின் தோளில் ஆப்பு வடிவாக இறக்கப்பட்டது. பலகையை ஒரு கையாலும் பிடியை மறுகையாலும் பற்றி மெல்ல முறுக்கினாற் பொருத்துவாய் முனகுமாயின், அவ்விடத்துப் பசை விட்டது எனக் கொள்க. தேர்ந்த கையால் அது திருத்தப்படலாம். அத்தகைய கை உங்கள் ஊரில் இல்லையேல் வாங்காதிருத்தலே நலம். அடிமுனையை விரலால் அழுத்திப் பார்க்க. ஈரநிலத்தில் ஊன்றி ஆடியவற்றில் அவ்விடம் நீருறிஞ்சி வீங்கிக் கருத்திருக்கும். முகப்பு முழுவதும் புதிதாக உறை ஒட்டியிருப்பின், உள்ளே யாது மறைந்துள்ளது எனக் கேட்பதில் நாணம் வேண்டா. ஈற்றில், பழம்பந்தொன்றை முகப்பில் மெல்லத் தட்டுக. நல்ல மரம் தெளிந்த ஓசை தரும்; உள்ளுடைந்தது மண்பானை வெடித்தாற்போல ஒலிக்கும். சந்தையிற் பானை வாங்கும் நம் தாய்மார்க்கு இக்கலையை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இத்தனையும் பாராது, ஒட்டியுள்ள வண்ணத்தாளைப் பார்த்து வாங்குவோரே மிகப் பலர். "தம்பி, இது இன்ன வீரர் ஆடுற துடுப்பு" என்று விற்பவர் சொன்னவுடன் பையனின் கண் விரிகின்றது. அவ்வீரரின் கையில் இருப்பது அவர் கைக்கும் எடைக்கும் எனத் தனியே கடைந்தது. அதே தாள் ஒட்டிய கடைச்சரக்கு அதுவன்று. நன்னூலார் மாணாக்கரை வகுத்துக் கூறியவிடத்து, நெய்யை விட்டுக் கசட்டைப் பற்றும் நெய்யரியைக் கடையில் வைத்தார். தாளைப் பற்றி மரத்தை விடும் பிள்ளை அவ்வினத்தவன். காசுமீர வில்லோவாலான பழந்துடுப்பு, கனத்தில் மட்டும் அளவாயின், பயில்வோனுக்குப் பெரிதும் ஏற்றது. அடி பொறுக்கும், பிழை பொறுக்கும்.

ஒன்றை மட்டும் பழையதாக வாங்கலாகாது. அது தலைக்கவசம். ஒருமுறை வன்மையான அடிபட்ட கவசம் வெளியே ஊறு தோன்றாதிருந்தும் உள்ளே வலியிழந்திருத்தல் கூடும். துடுப்பு முறிந்தால் ஓர் ஆட்டம் போகும். கவசம் முறிந்தாற் போவது வேறு. துடுப்பில் மிச்சம் பிடித்த பணத்தைத் தந்தையர் இதற்கு ஈந்தால் அது தக்க செலவாகும்.

பழந்துடுப்பு விரைவில் உடைந்துபோம் என்பாரது கூற்றிற் சிறிது உண்மையுண்டு. ஆனாற் பையனும் விரைவில் வளர்ந்துபோகிறான். இரண்டாண்டுக்கு மேல் அத்துடுப்பு அவனுக்கு உதவாது. புதியதாயினும் அதே கதிதான். எத்தனை வீடுகளிற் கதவின் பின்னே, ஆடுவாரற்று, எண்ணெய் காணாது, நல்ல துடுப்புக்கள் சாத்திக் கிடக்கின்றன! பிள்ளை வளர்ந்து வெளிநாடு சென்றான், துடுப்பு நின்றது. கேட்டாற் கொடுக்க மனமுள்ளவரே அவ்வீட்டார். கேட்பார் இல்லை, கேட்பது இழிவென எண்ணுகிறோம். 1980 முதல் அரசு வழங்கிவரும் இலவசப் பாடநூல்களை ஓராண்டு ஒருவன் கற்று மறு ஆண்டு மற்றொருவனுக்குக் கையளிக்கிறான். அதில் எவரும் இழிவு கண்டிலர். முன்னவன் ஓரத்திற் குறித்த பொருளுரை பின்னவனுக்குத் துணையாவதும் உண்டு. நூலுக்கு ஒரு நீதி, துடுப்புக்கு ஒரு நீதியா?

1904இல் தொடங்கிய வடக்கின் சமர் முதலாகப் பாடசாலைகளின் பெரும் ஆட்டங்கள் பல பங்குனி மாதத்தை ஒட்டி நடந்தேறுகின்றன. அவை முடிந்த கையோடு, பாடசாலை விட்டு நீங்கும் மாணவர் தமக்கு அளவிறந்த துடுப்புக்களையும் காற்காப்புக்களையும் ஒப்புவித்துச் செல்ல ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு மரப்பெட்டி வைக்கலாம். பழைய மாணவர் சங்கங்கள் ஊரூராக வீடுகளிற் கேட்டு வாங்கலாம். பெட்டிக்கு ஒரு பதிவேடு. அதில் துடுப்பின் எண், எடை, கொடுத்தவன் பெயர், கொண்டவன் பெயர். எடை போடச் சிற்றுண்டிச்சாலைத் தராசு போதும். ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் பூசும் பொறுப்பு எட்டாம் வகுப்பு மாணவர்க்கு உரியதாகுக. பிடியிலும் பொருத்துவாயிலும் எண்ணெய் படலாகாது என்பதை அவர்க்கு முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும்.