பார்ப்பதற்குக் கூலி

இயந்திரம் தன் நோயைத் தானே சொல்லிவிடும் என்று நம்பத் தொடங்கியதிலிருந்து, நோயறியும் கலை நம் பணிமனைகளில் தேய்ந்து வருகிறது என்பது எங்கள் எண்ணம். காரின் முகப்பில் எரியும் சிறிய மஞ்சள் விளக்கையும் அதன் பின்னால் இருக்கும் ஒரு பிழைக்குறியையும் முன்வைத்து இதைச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் கார் எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். குறியைப் படிப்பது ஒரு வேலை, அதற்குப் பொருள் காண்பது வேறொரு வேலை என்பதை இலக்கிய வாசகரிடம் நிறுவ வேண்டியதில்லை. அந்த வேறுபாடு மறக்கப்படும்போது நல்ல உதிரிப்பாகங்கள் கழற்றி எறியப்படுகின்றன. நோயோ வண்டிக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

அமெரிக்காவில் 1996இலேயே கட்டாயமான ஓ.பி.டி. 2 என்னும் கண்காணிப்பு முறை, பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின் வழியே 2013 ஏப்ரலில் இந்தியக் கார்களுக்கும் வந்தது. புகை கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதே அதன் முதல் நோக்கம். பழுது பார்ப்பவருக்குக் கிடைக்கும் உதவி அதன் உடன்விளைவு. எஞ்சினின் கணினி பல சென்சார்கள் அனுப்பும் செய்திகளை ஓயாமல் ஒப்பிடுகிறது. ஏதேனும் ஒன்று எல்லையை மீறினால் ஒரு குறியைத் தன் நினைவில் எழுதி, விளக்கை ஏற்றுகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள செருகுவாயில் ஸ்கேனரைப் பொருத்தி அக்குறியைப் படிக்கலாம்.

இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் குறி பி 0016. எஞ்சினின் கீழ்ப்பகுதியில் பிஸ்டன்களோடு இயங்கிச் சுழல்வது கிராங்க் ஷாஃப்ட். மேலே வால்வுகளைத் திறந்து மூடச் செய்வது கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒரு முறை சுற்ற வேண்டும். இவ்விரண்டையும் பிணைத்து வைப்பது டைமிங் செயின். சில வண்டிகளில் பெல்ட். இரு தண்டுகளுக்கும் தனித்தனியே சென்சார் உண்டு. தண்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று அவை கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இரண்டு வாக்குமூலங்களும் பொருந்தாதபோது பி 0016 எழுதப்படுகிறது. இருவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்பதற்கு மேல் அக்குறி ஒன்றும் சொல்வதில்லை. யார் பிழைபட்டவர் என்று அதற்குத் தெரியாது. இருவரும் உள்ளதையே சொல்லி, இருவரையும் பிணைத்த சங்கிலி தளர்ந்திருக்கவும் கூடும்.

பாடவேறுபாட்டுக்குப் பழகியவர்களுக்கு இந்நிலை புதிதல்ல. 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த உ.வே. சாமிநாதையருக்கு முன்னால் இருந்த சிக்கலும் இதுவே. இரண்டு ஏடுகள் முரண்பட்டால், முரண்பாடு ஒன்றைக் கொண்டே எந்த ஏட்டையும் தள்ளிவிட முடியாது. யாப்பு என்ன சொல்கிறது, உரை என்ன சொல்கிறது, எழுதியவர் கை எங்கே பிறழ்ந்திருக்கும் என்று மூன்றாவது சான்றுகளைத் தேட வேண்டும். பெசன்ட் நகரில் அவர் பெயரால் இயங்கும் நூல்நிலையத்தின் சுவடிகளைப் பார்த்தவர்கள், அந்த ஒப்பீட்டுக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

*

எங்கள் குடும்பத்தில் 2014ஆம் ஆண்டின் பெட்ரோல் கார் ஒன்று உள்ளது. மந்தைவெளிக்கும் அடையாறுக்கும் இடையே நாள்தோறும், வார இறுதியில் தியாகராய நகருக்கு ஒருமுறை, இவ்வளவே அதன் உலகம். சென்ற ஆண்டு அதில் இந்தக் குறி தோன்றியது. முதல் பணிமனையில் குறியை அழித்துத் தந்தார்கள். மூன்று வாரத்தில் விளக்கு மீண்டும் எரிந்தது. இரண்டாவது இடத்தில் கேம் சென்சாரை மாற்றினார்கள். ஒரு மாதம் நின்றது. மூன்றாவது இடத்தில் கிராங்க் சென்சாரும் மாறியது. விளக்கு திரும்பவும் வந்தது. ஒவ்வொரு முறையும் அணைந்த விளக்கே குணமான வண்டிக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

அழிப்பதில் உள்ள தீங்கை இங்கே சொல்ல வேண்டும். பிழை நேர்ந்த அக்கணத்தில் எஞ்சினின் வேகம், வெப்பம், சுமை முதலியவற்றையும் கணினி பதிந்து வைக்கிறது. குறியை அழித்தால் இந்தப் பதிவும் உடன் அழிகிறது. சாட்சியங்களைக் கழுவிவிட்டுத் துப்பறியப் புகுவதற்கு நிகரான செயல் இது.

நான்காவதாக, ராயப்பேட்டையில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு அருகில் சிறிய பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் வண்டி சென்றது. அவர் முதலில் அந்தப் பதிவைத் தாளில் எழுதிக்கொண்டார். எஞ்சின் நன்றாகச் சூடேறி, வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தபோதே பிழை நேர்ந்திருந்தது. அடுத்து ஆயிலின் அளவையும் நிறத்தையும் பார்த்தார். சென்சார்களின் கனெக்டர்களைக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா என்று நோக்கினார். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நீர் புகுந்த வண்டிகள் பல உள்ள நகரத்தில் இது தேவையான கேள்வி. பின்னர் மடிக்கணினியோடு அலைகாட்டியை இணைத்து, இரு சென்சார்களின் அலைகளையும் ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடவிட்டார்.

கிராங்க்கோடு சுழலும் பற்சக்கரத்தில் 60 பற்களுக்கு இடம் இருக்க, 2 பற்கள் மட்டும் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். அந்த வெற்றிடமே கணினிக்கு அடையாளக்கல். ஒரு பல் என்பது 6 பாகை. திரையில் இரு அலைகளும் தெளிவாக, சிதைவின்றி இருந்தன. ஆனால் கேம் அலை தன் இடத்திலிருந்து ஒரு பல்லுக்கும் சற்று அதிகமாகப் பிந்தி நின்றது. சாட்சிகள் இருவரும் நல்லவர்கள் என்பது அப்போதே துலங்கிற்று. கேமின் கோணத்தை மாற்றும் ஆயில் வால்வையும் அதன் வலையையும் கழற்றிச் சோதித்த பிறகே மூடியைத் திறந்தார். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தன் எல்லைவரை வெளியே நீண்டிருந்தது. செயின் தேய்ந்து நீண்டிருந்தது.

செயின் நீள்வது என்றால் இரும்பு இழுபடுவது அன்று. நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளில் ஒவ்வோர் ஊசியும் மயிரிழை அளவு தேய, அத்தேய்மானங்களின் கூட்டே அந்நீளம். டென்ஷனர் ஆயிலின் அழுத்தத்தால் இயங்குவது. ஆயில் சூடேறி இளகி, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அழுத்தம் குறையும். அப்போதுதான் தளர்ச்சி வெளிப்படும். பனகல் பூங்காவின் நண்பகல் நெரிசலில் விளக்கு எரிந்து, இரவில் காலியான சாலையில் வண்டி ஒழுங்காக ஓடியதன் மர்மம் இதுவே.

நம் நகரத்துக்கும் இதில் பங்குண்டு. ஆயிலை மாற்றும் காலத்தை நாம் கிலோமீட்டரால் கணக்கிடுகிறோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நெடுஞ்சாலையில் செல்லும் வண்டிக்கு 10,000 கி.மீ. என்பது ஏறக்குறைய 167 மணி நேர உழைப்பு. மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காகப் பாதைகள் சுற்றிவிடப்பட்ட மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சராசரி 15 கி.மீ. என்று கொண்டால், அதே தொலைவுக்கு 667 மணி நேரம். காட்டி ஒரே எண்ணைக் காட்டும். ஆயிலோ நான்கு மடங்கு நேரம் உழைத்திருக்கும். கடும் பயன்பாட்டுக்கு முன்னதாகவே ஆயிலை மாற்றுமாறு வண்டியோடு வரும் கையேடுகள் பலவும் சொல்கின்றன. சென்னையின் அன்றாடமே அந்தக் கடும் பயன்பாடு என்பதை நாம் உணர்வதில்லை.

*

அந்த மெக்கானிக்குக்கு ஒரு முழுக் காலைப்பொழுது செலவாயிற்று. அக்காலையில் அவர் எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. என்ன கொடுப்பது என்று கேட்டபோது தயங்கினார். "பார்க்குறதுக்கு யாரு சார் காசு குடுக்குறாங்க? பார்ட்ஸ் மாத்துனாத்தான் பில்லு" என்றார்.

நம் குற்றச்சாட்டின் திசையை இந்த ஒரு சொல் மாற்றிவிடுகிறது. சென்சாரை மாற்றி அனுப்பும் பணிமனைகளை அறியாமை என்றோ பேராசை என்றோ பழிப்பது எளிது. மருத்துவர் நாடி பார்த்து, மருந்து வேண்டாம் என்று அனுப்பினாலும் நாம் கட்டணம் செலுத்துகிறோம். மெக்கானிக்கிடம் மட்டும் பொருளையும் அதைப் பூட்டும் கூலியையும் தவிர வேறெதற்கும் விலை இல்லை என்கிறோம். மூன்று மணி நேரம் ஆராய்ந்து கனெக்டரில் படிந்த அழுக்கைத் துடைப்பவருக்குக் கிடைப்பதைவிட, பத்து நிமிடத்தில் சென்சார் மாற்றுபவருக்கு அதிகம் கிடைக்கும் ஒழுங்கை நடத்துபவர்கள் வாடிக்கையாளர்களாகிய நாம்தாம். அந்த ஒழுங்கில் இளைஞர் ஒருவர் பொறுமையாக ஆராயக் கற்றுக்கொள்ள என்ன காரணம் இருக்கிறது?

பார்ப்பதற்கே காசு என்றால் ஒன்றும் பாராமலே காசு வாங்குவார்களே என்று மறுப்போர் உண்டு. நியாயமான அச்சம். அதற்கு மாற்று, பார்த்ததை எழுதித் தரக் கேட்பது. எக்குறி இருந்தது, உடன் பதிவான நிலைகள் யாவை, எவற்றைச் சோதித்தார், எவற்றை எதனால் விலக்கினார் என்று அரைப் பக்கம் போதும். அத்தாள் கையில் இருந்தால் அடுத்த பணிமனை தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இதை வெறும் சிக்கனக் கணக்காகவும் கொள்ளக்கூடாது. தளர்ந்த செயின் ஒருநாள் பல் தாவினால், பெரும்பாலான இக்கால எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதும். குடும்பத்தோடு செல்லும் வண்டி, அடையாற்றுப் பாலத்தின் நடுவில் பேருந்துகளுக்கு முன்னால் நின்றுவிடும். விளக்கை மட்டும் அணைத்துக்கொண்டே இருப்பவர்கள் அந்த நாளை நோக்கியே வண்டியைச் செலுத்துகிறார்கள்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோய், நோயின் காரணம், தணிக்கும் வழி ஆகியவற்றைத் தனித்தனியே ஆராயச் சொல்கிறார். மேடைதோறும் அதை எடுத்துரைக்கும் நாம், நடுவிலுள்ள வேலைக்கு மட்டும் ஊதியம் தர மறுக்கிறோம். செயின், டென்ஷனர், வழிகாட்டிப் பட்டைகள் ஆகியவற்றை மாற்றிய அந்தப் பட்டறையின் பில்லில், எங்கள் வற்புறுத்தலின் பேரில், "செக்கிங் – அரை நாள்" என்று முதல் வரியில் எழுதப்பட்டது. விளக்கு அதன்பின் எரியவில்லை. அந்த வரி எல்லாப் பணிமனைப் பில்களிலும் இடம்பெற வேண்டும். அது இல்லாத இடத்தில் நாமே கேட்டு எழுதச் சொல்ல வேண்டும்.