இரு சில்லும் இழுக்கட்டும்

மாரி மழை தொடங்கி இரண்டு கிழமைகள் சென்றால் படுவான்கரைப் பக்கத்துக் கிராவல் வீதிகள் எப்படியிருக்கும் என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வீதியின் ஒரு கரை ஓரளவு இறுகிக் கிடக்கும். மறுகரை உழவு இயந்திரங்களின் பெருஞ்சில்லுகள் உழுதுவிட்ட சேறாகியிருக்கும். அத்தகைய வீதியொன்றில், ஒரு மார்கழி மாலையில், எமது பிக்கப் வாகனம் நின்றுபோனது. பின்னால் விதைநெல் மூடைகள் இருந்தன. முன்னால், கடுங்காய்ச்சலில் கிடந்த பிள்ளையை மடியில் வைத்தபடி ஒரு தாய் இருந்தார். இடது பின்சில்லு சேற்றை வாரியிறைத்துக்கொண்டு சுழன்றது. நல்ல கிராவலின் மேல் நின்ற வலது சில்லோ அசையவேயில்லை.

சாரதி இறங்கிப் பார்த்துவிட்டு, "ஃபாதர், ரெண்டு கால் இருந்தும் இந்த வண்டி ஒத்தக் காலாலதான் நடக்கப் பாக்குது" என்றார்.

பிள்ளையை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, படங்கால் மூடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிள்ளை பிழைத்துக்கொண்டது. விதைநெல்லில் ஒரு பகுதி நனைந்து முளைவிட்டது. அன்றிலிருந்து சாரதியின் அந்த வார்த்தை எம்மை விட்டு நீங்கவில்லை. நல்ல தரையில் ஒரு சில்லு நிற்க, வண்டி ஏன் நகர மறுக்கிறது?

காரணம் பின் அச்சின் நடுவேயுள்ள டிபரென்ஷியல் என்ற பற்சில்லுத் தொகுதி. இது வண்டிக்கு அவசியமானது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு உட்பக்கச் சில்லைவிடக் கூடுதலான தூரம் ஓடவேண்டும். இரு பின்சில்லுகளுக்கும் இடையில் 1.5 மீற்றர் எனக் கொண்டால், ஒரு முழு வட்டம் சுற்றும்போது வெளிச்சில்லு ஏறத்தாழ 9.4 மீற்றர் கூடுதலாக ஓடுகிறது. இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பூட்டினால் டயர் தேயும், அச்சு வருந்தும், வண்டியும் இலகுவில் திரும்பாது. ஆதலால் இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிபரென்ஷியல் இடங்கொடுக்கிறது.

ஆனால் சாதாரண டிபரென்ஷியல் இரு பக்கத்துக்கும் எப்போதும் சமமான முறுக்கு விசையையே பகிர்கிறது. தார் வீதியில் இது நல்ல நீதி. சேற்றில் இதுவே வினையாகிறது. சேற்றில் நிற்கும் சில்லு 100 அலகு விசையை மட்டுமே தாங்குமானால், நல்ல தரையில் நிற்கும் சில்லுக்கும் அதே 100 அலகுதான் போய்ச் சேரும். மொத்தம் 200. வண்டி வெளியேற 350 தேவையென்றால், எவ்வளவுதான் அக்சிலரேட்டரை மிதித்தாலும் பயனில்லை. மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. 'லிமிட்டெட் ஸ்லிப் டிபரென்ஷியல்', சுருக்கமாக எல்.எஸ்.டி. என மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். ஒரு சில்லு அளவுக்கு மீறி நழுவிச் சுழல்வதை இது கட்டுப்படுத்தி, பிடிப்புள்ள சில்லுக்குக் கூடிய விசையை அனுப்புகிறது. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வேலை செய்யும் எல்.எஸ்.டி.யை எடுத்துக்கொள்வோம். சேற்றுச் சில்லு 100 அலகைத் தாங்கினால் மற்றதற்கு 300 வரை போகும். மொத்தம் 400. அதே வீதி, அதே டயர், அதே எஞ்சின். ஆனால் வண்டி வெளியே வந்துவிடும். 1930களில் ஜேர்மனியின் பந்தயக் கார்களுக்கென வளர்க்கப்பட்ட இந்த உத்தி, பின்னர் பாரவண்டிகளுக்கும் பிக்கப்புகளுக்கும் வந்தது. சில நாடுகளில் விற்கப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ் வகைகளில் தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் இரண்டு வகைகள் முக்கியமானவை. ஒன்று, கிளச் தட்டுகளைப் போன்ற உராய்வுத் தட்டுகளைக் கொண்டது. இது மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் தட்டுகள் காலப்போக்கில் தேயும், அதற்கென உள்ள கியர் ஒயிலையும் கேட்கும். மற்றையது சாய்வுப் பற்சில்லுகளால் மட்டுமே இயங்குவது. இதில் தேய்வதற்குத் தட்டுகள் இல்லை. ஆனால் ஒரு சில்லு முற்றாக அந்தரத்தில் தொங்கினால் இது கைவிட்டுவிடும்; சுழியத்தை மூன்றால் பெருக்கினாலும் சுழியமே. அவ்வேளையில் பிறேக்கை மெல்ல மிதித்தபடி அக்சிலரேட்டரைக் கொடுத்தால், தொங்கும் சில்லுக்கு ஒரு தடை உண்டாகி, மறுசில்லுக்கு விசை கிடைக்கும்.

எமது கருத்து இதுதான்: கிராமங்களுக்குச் செல்லும் இருசில்லு இழுவைப் பிக்கப் வாகனம் வைத்திருக்கும் நிறுவனங்கள், புதிய நான்குசில்லு இழுவை வாகனத்துக்கு விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னர், கையிலுள்ள வண்டியின் பின் அச்சுக்கு எல்.எஸ்.டி. பொருத்துவதை ஆராய வேண்டும். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் வழி திறந்தபோது, வரிகளோடு சேர்ந்த விலை சிறிய நிறுவனங்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. பழைய வண்டிகளோடுதான் நாம் இன்னும் பல மாரிகளைக் கடக்க வேண்டும்.

"நான்கு சில்லும் இழுத்தால் இந்தத் தொல்லையே இல்லையே" என்பர் சிலர். அது முழு உண்மையன்று. முன்னும் பின்னும் சாதாரண டிபரென்ஷியல் உள்ள நான்குசில்லு இழுவை வண்டியிலும், முன்னால் ஒரு சில்லும் பின்னால் ஒரு சில்லும் பிடிப்பிழந்தால் வண்டி நின்றுவிடும். அன்றியும், அதன் விலையும் எரிபொருட் செலவும் பராமரிப்பும் நாம் சேவை செய்யவேண்டிய மக்களின் பங்கிலிருந்துதான் கழிகின்றன. "இரண்டையும் ஒட்டவைத்துவிட்டால் செலவில்லை" என்று டிபரென்ஷியலை வெல்டிங் செய்யச் சொல்வோரும் உளர். வயலுக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு அது பொருந்தலாம். ஆட்களை ஏற்றித் தார் வீதியில் போகும் வண்டிக்கு அது ஆபத்து.

எனினும் எல்.எஸ்.டி. மந்திரக்கோல் அல்ல. இரு சில்லுகளும் ஒரே சேற்றில் புதைந்தால் அது என்ன செய்யும்? பூவிழந்த டயரோடு ஓடும் வண்டிக்கு முதலில் வேண்டியது நல்ல டயர். அதை வாங்காமல் டிபரென்ஷியலைத் திறப்பது பணத்தை வீணாக்குவதாகும்.

எமது சொந்தத் தவறையும் மறைக்க விரும்பவில்லை. பஞ்சிகாவத்தையில் பாவித்த எல்.எஸ்.டி. ஒன்றை வாங்கினோம். விற்றவர் நல்ல சாமான் என்றார். நாமும் சோதியாமல் நம்பினோம். பூட்டிய பின்னரும் வண்டி பழையபடி ஒற்றைக் காலிலேயே நின்றது. கழற்றிப் பார்த்தபோது தட்டுகள் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தன. அந்த மாரி வீணாயிற்று. புதிய தட்டுகள் போட்ட பிறகுதான் அதன் பயனைக் கண்டோம். ஆகவே பாவித்த சாமானை வாங்குவோர் திறந்து காட்டச் சொல்லித் தட்டுகளைப் பார்த்தே வாங்கட்டும். அச்சுத் தண்டின் நுனிப் பற்களின் எண்ணிக்கையும் அதற்குப் பொருந்த வேண்டும்.

பூட்டும் வேலையும் எல்லாக் கராஜிலும் செய்யத்தக்கதன்று. பெரிய வளையப் பற்சில்லுக்கும் அதைச் சுழற்றும் சிறிய பற்சில்லுக்கும் இடையிலான விளையாட்டு, மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற அளவில் அளந்து சரிசெய்யப்பட வேண்டும். அளவுமானி இல்லாமல் கைமதிப்பில் பூட்டினால் முதலில் ஊளையிடும், பிறகு பல் உடையும். அளந்து பூட்டும் ஒருவரைத் தேடிச் சற்றுத் தூரம் போனாலும் நட்டமில்லை.

இறுதியாக, உயிரோடு சம்பந்தப்பட்ட இரண்டு விடயங்களைச் சாரதிகளுக்குக் கட்டாயம் சொல்லிவைக்க வேண்டும். ஒன்று, ஒரு பின்சில்லை மட்டும் ஜக்கில் உயர்த்தி, எஞ்சினை இயக்கிக் கியரில் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். எல்.எஸ்.டி. உள்ள வண்டியில் நிலத்திலுள்ள சில்லு இழுக்கத் தொடங்கும். வண்டி ஜக்கிலிருந்து பாய்ந்து கீழே இருப்பவர்மேல் விழக்கூடும். மற்றது, வெறும் பிக்கப்புக்குப் பின்பக்கம் பாரமில்லை. மழை நனைத்த தார் வளைவில் அக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால், முன்னர் ஒரு சில்லு மட்டும் நழுவிய இடத்தில் இப்போது இரண்டும் சேர்ந்து நழுவி, பின்பக்கம் வீசுப்படும். சேற்றில் உதவும் கருவி தார் வீதியில் நிதானத்தைக் கேட்கிறது. பின்னிரு டயர்களும் ஒரே அளவில், ஒரே தேய்வில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

வண்டியைத் திருத்திவிட்டோம், இனி வீதியைப் பற்றிப் பேசத் தேவையில்லை என எவரும் எண்ணிவிட வேண்டாம். நல்ல வீதி அம்மக்களின் உரிமை. அதை நாம் கேட்டுக்கொண்டேயிருப்போம். ஆனால் வீதி வரும்வரை காய்ச்சல் காத்திராது, விதைநெல்லும் காத்திராது.

எமது திட்ட அறிக்கைகளில் எத்தனை வாகனங்கள் உள்ளன என்று எழுதுகிறோம். அவை எத்தனை நாள் வழியில் நின்றன என்று எழுதுவதில்லை. அந்தக் கணக்கு சாரதியிடம் இருக்கிறது. இவ்வருட மாரிக்கு முன்னதாக நடக்கும் திட்டக் கூட்டத்தில் அவருக்கும் ஒரு கதிரை போடுவோம். வண்டி எந்த இடத்தில், எந்தச் சில்லில் நிற்கிறது என்று முதலில் அவரிடம் கேட்போம்.