இணையத்தில் கேட்டால் இலவசமா?

"பிரதேச சபைகள் மக்கள் கருத்தை இணையத்தில் கேட்டால் செலவே இல்லை" என்று வகுப்பில் வாதிட்டவள் நான். இப்போது அப்படி நினைக்கவில்லை.

பெருமழைக்குப் பிங்கா ஓயா பெருகினால் அக்குறணைக் கடைவீதி மூழ்கும். தண்ணீர் எதுவரை ஏறும் என்பது என் உம்மம்மாவுக்கு அத்துப்படி. ஆனால் அவரிடம் இருப்பதோ பட்டன் போன்! அவர் சொல்வதை நான் டேட்டா போட்டுத் தமிழில் அனுப்பலாம். சபையில் அதை வாசிக்க, சிங்களத்தில் மொழிபெயர்க்க, பதில் எழுத ஆள் வேண்டும், சம்பளமும் வேண்டும்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அரச நிறுவனங்களில் தகவல் அலுவலர் இருக்க வேண்டும். எழுத முடியாதவர் வாயால் கேட்டால், அதை எழுதிக்கொள்வது அவருடைய கடமை. கருத்துக் கேட்கவும் அப்படியொருவரை நியமித்து, அவருடைய சம்பளத்தைச் சபை தன் வரவுசெலவுத் திட்டத்தில் முதலில் ஒதுக்கட்டும். இணையப் பக்கத்தைப் பிறகு திறக்கலாம்.