அந்தத் தந்தம் யாருடையது?

உள்ளங்கைக்குள் அடங்கிற முகங்கள். ஆங்கிலேயச் சீமான்கள், சீமாட்டிகள், கடல் கடந்து போன கணவன்மார். நூதனசாலை இணையத்தளங்களில் பெரிசாக்கிப் பார்த்தால் கன்னத்துக்குள்ளே வெளிச்சம் ஊறுகிற மாதிரி இருக்கும். எங்களுக்கும் பிடிச்சுத்தான் இருந்தது, ஒளிக்க என்ன இருக்கு. பிறகு கீழே இருந்த குறிப்பை வாசிச்சம்: 'தந்தத்தில் நீர்வர்ணம்'. ஓவியர் பேர் இருக்கு, ஆண்டு இருக்கு. யானையைப் பற்றி அந்த ஒரு சொல்தான்.

அந்த வெளிச்சம் ஓவியரின் கைவண்ணம் மட்டும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் நிக்கலஸ் ஹிலியர்ட் இவற்றைப் பதப்படுத்திய தோலில்தான் வரைந்தார். 1700 அளவில் வெனிஸில் ரொசால்பா கரியேரா தந்தத்துக்கு மாறினார். சில ஆண்டுகளில் பேர்னார்ட் லென்ஸ் அதை இங்கிலாந்தில் தொடங்கினார். தந்தத்தை மெல்லிய தகடாக அரிஞ்சு, எண்ணெய்ப்பசை போக்கி, வர்ணத்தை ஐதாகப் பூசினால் அடியில் இருக்கிற வெண்மை ஊடாகத் தெரியும். வெள்ளைத் தோலை இன்னும் வெள்ளையாய்க் காட்ட ஒரு விலங்கின்ர பல். கலை வரலாறு இதை 'தொழில்நுட்ப முன்னேற்றம்' எண்டு சொல்லிப்போட்டுக் கடந்து போகுது. ஆபிரிக்கக் கரையில் மனிதரை ஏற்றி விற்ற ரோயல் ஆபிரிக்கன் கம்பனிதான் தந்தமும் விற்றது என்பதை அதே பக்கத்தில் எழுதுகிறதில்லை.

ஜோர்ஜ் எங்கிள்ஹார்ட் ஒருவரே 4,800க்கு மேல் வரைந்ததாக அவருடைய கணக்குப் புத்தகம் சொல்லுது. ஒரு தந்தத்தில் நிறையத் தகடு எடுக்கலாம், அதால 4,800 யானை எண்டு நாங்கள் கத்தப் போறதில்லை. 1785இல் ஜோன் ஸ்மார்ட் மெட்ராசுக்கே வந்து பத்து வருஷம் இருந்தார். கம்பனிக்காரரிட்டக் கடன்பட்டு அழிஞ்ச ஆற்காட்டு நவாப் முகம்மது அலியையும் தந்தத்தில் தீட்டினார், கம்பனிக்காரரையும் தீட்டினார். எல்லாரும் ஒரே மாதிரித்தான் மினுங்கினம்.

இப்ப சட்டத்துக்கு வருவம். பிரித்தானியாவின் 2018 தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. தந்த வியாபாரத்துக்குக் கிட்டத்தட்ட முழுத் தடை. ஆனா 1918க்கு முந்தின, 320 சதுர சென்ரிமீற்றருக்கு மேற்படாத உருவச் சிற்றோவியங்களுக்கு விலக்கு, பதிஞ்சுபோட்டு விற்கலாம். மெல்லிய தகடுதானே, இதுக்காக ஒருத்தரும் யானையைச் சுடப் போறதில்லை எண்டு சொல்லுவினம். சரி, ஏற்கிறம். உடைச்சு எரிக்கச் சொல்லவும் இல்லை, எரிச்சால் யானை எழும்பி வராது. நூதனசாலையில் வைச்சுக் காட்டட்டும். ஏலத்தில் ஏன் விலை ஏற வேணும்? சட்டம் அளவைப் பார்க்குது, வயதைப் பார்க்குது. எந்தக் கரையிலிருந்து வந்த தந்தம் என்பது அதுக்குத் தேவைப்படேல்லை.

விற்பனையை நிறுத்துங்கோ. குறிப்பில் இன்னொரு வரி சேருங்கோ: யானை எங்கத்தையது, ஆர் கொண்டுவந்தது. தெரியாட்டி 'தெரியாது' எண்டாவது எழுதுங்கோ.