தலைப்பைச் சாய்க்க வேண்டாமே!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, வேர்டு தொகுப்பில் கட்டுரை டைப் செய்யத் தொடங்கும் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். இடையில் வரும் புத்தகம், திரைப்படத்தின் பெயரை எப்படிக் காட்டுவது? ஆங்கிலக் கையேடுகள் புத்தகப் பெயரைச் சாய்வெழுத்தில் தரச் சொல்கின்றன. நாமும் பெயரைத் தேர்ந்தெடுத்து, சாய்ந்த 'ஐ' எழுத்துள்ள பட்டனில் கிளிக் செய்துவிடுகிறோம். தமிழுக்கு இது பொருந்தாது என்பதே என் கருத்து.

ஜேடர்பாளையத்தைத் தாண்டிப் பாயும் காவிரியின் கரையில் இருக்கிறது மோகனூர். நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை 1888ல் பிறந்த ஊர். அவருடைய தன்வரலாற்று நூலின் பெயர் 'என் கதை'. ஜேடர்பாளையத்து மாணவர் ஒருவர் பள்ளி ஆண்டு மலருக்காக, "நாமக்கல் கவிஞர் என் கதையை எழுதினார்" என்று டைப் செய்தால் என்ன ஆகும்? கவிஞர் அந்த மாணவரின் கதையை எழுதியதாக அல்லவா பொருள்படும்! ஆங்கிலத்தில் கேப்பிடல் எழுத்து காப்பாற்றிவிடும். தமிழில் அந்த வசதி இல்லை. எனவே அடையாளத்தை நாம்தான் தர வேண்டும்.

சாய்த்துக் காட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். விண்டோஸில் உள்ள லதா, நிர்மலா யுஐ போன்ற எழுத்துருக்களில் தமிழுக்கெனச் சாய்வெழுத்து தனியாக வடிவமைக்கப்படவில்லை. வேர்டு சாதாரண எழுத்தையே தள்ளிச் சாய்க்கிறது. படிக்கக் கண் வலிக்கும். அதைவிட முக்கியம், சாய்வு என்பது எழுத்துக்குப் போட்ட சட்டை மாதிரி. வெறும் டெக்ஸ்ட்டாக வேறு இடத்தில் ஒட்டினால் சட்டை கழன்றுவிடும். மேற்கோள் குறி அப்படியல்ல. அதுவும் ஓர் எழுத்தைப் போலவே பதிவாவதால் உடன் செல்லும்.

ஆகவே தலைப்பை ஒற்றை மேற்கோள் குறிக்குள் தாருங்கள். தமிழ்99 விசைப்பலகையில் அந்தக் குறி உள்ள கீயை அழுத்தினால் 'ய' வரும். நொடிப்பொழுது ஆங்கிலத்துக்கு மாறி அழுத்தினால் போதும்.

இன்னொன்று. வேற்றுமை உருபைத் தலைப்போடு ஒட்டாதீர்கள். நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' நாவல், 1954ல் திரைப்படமாகவும் வந்தது. "மலைக்கள்ளனில்" என்று எழுதினால் நாவலிலா, படத்திலா? "'மலைக்கள்ளன்' நாவலில்" என்றால் குழப்பமில்லை. கம்ப்யூட்டருக்கும் இதுவே நல்லது. கண்ட்ரோல் + எஃப் அழுத்தி "மலைக்கள்ளன்" என்று தேடினால், "மலைக்கள்ளனில்" என்ற சொல் அகப்படாது. புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி வந்துவிட்டதே காரணம்.

ஆங்கிலக் கட்டுரையில் ஆங்கில முறையையே பின்பற்றுங்கள், அதில் தவறில்லை. தமிழில் மட்டும் பெயரைச் சிதைக்காமல் குறிக்குள் வையுங்கள். பள்ளி மலரைப் படிக்கும் பிள்ளை, நூலகத்துக்குப் போய் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லிப் புத்தகத்தைக் கேட்க வேண்டும். அதற்காகத்தானே எழுதுகிறோம்?