நள்ளிரவில் கையை உதறும் அம்மா!

இரவு மணி 2. வீட்டில் எல்லாரும் நன்றாகத் தூங்குகிறார்கள். அம்மா மட்டும் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். வலது கையை உதறு உதறு என்று உதறுகிறாள். தர்மாமீட்டரில் பாதரசம் இறங்குவதற்காக உதறுவோமே, அப்படி!

அவளுடைய விரல்கள் மரத்துப் போயிருக்கின்றன. ஊசி குத்துவது போல் இருக்கிறது. எரிகிறது. சிறிது நேரம் உதறியதும் உணர்ச்சி திரும்புகிறது. மறுபடியும் படுக்கிறாள். 4 மணிக்கு மறுபடியும் உதறல்.

காலையில் கேட்டால், "ஒன்றுமில்லை, வாயு" என்பாள். கேட்டவர்களும் "அப்படியா" என்று வேலைக்குப் போய்விடுவார்கள்.

அது வாயு அல்ல. வாயு, வாயு என்று சொல்லியே எத்தனையோ பெண்கள் கையைப் பாழாக்கிக் கொள்கிறார்கள். அந்தக் குற்றத்தில் பாதிக்கு மேல் வீட்டில் உள்ள மற்றவர்களுடையது என்பது என் கட்சி.

அக்காளின் கை

என் அக்காள் தையல்காரி. பிளவுஸ் தைப்பதில் கெட்டிக்காரி. அவளுக்கு இரவில் கை மரத்தது. வாயு என்று பூண்டு தின்றாள். தைலம் தேய்த்தாள். பக்கத்து வீட்டு அம்மாள், "உனக்கு ரத்தம் போதாது" என்றார். டானிக் வந்தது. இப்படியே 3 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அதன் பிறகு, பிடித்த டம்ளர் கையிலிருந்து தானாக நழுவியது. கொக்கி தைக்க முடியவில்லை. ஊசியைப் பிடித்தால், பிடித்திருப்பதே தெரியவில்லை.

ஒரு நாள் இரண்டு உள்ளங்கைகளையும் என் முன்னால் விரித்தாள். "தம்பி, இதைப் பாரேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலது கட்டை விரலுக்கு அடியில் சதை மேடு இருக்க வேண்டும் அல்லவா? அந்த இடம் பள்ளமாக இருந்தது!

அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் கையைப் பார்த்தார். நான்கு கேள்வி கேட்டார். "கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்" என்றார். பெயர்தான் பயங்கரம். விஷயம் எளிது.

மணிக்கட்டில் ஒரு குகை

உங்கள் மணிக்கட்டில், உள்ளங்கை தொடங்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அதன் உள்ளே ஒரு குறுகிய வழி இருக்கிறது. தரையும் பக்கச் சுவரும் எலும்பு. மேலே கூரை போட்டது போல் ஒரு கெட்டியான நார்ப்பட்டை. விரல்களை மடக்கும் 9 தசைநாண்கள் இந்தக் குகை வழியாகத்தான் கைக்குள் போகின்றன. கூடவே ஒரு நரம்பும் போகிறது.

எலும்பு விட்டுக் கொடுக்காது. பட்டையும் விட்டுக் கொடுக்காது. உள்ளே வீக்கம் கண்டால் நசுங்குவது யார்? நரம்புதான். தேர்த் திருவிழாக் கூட்டத்தில், சந்துக்குள் மாட்டிக்கொண்ட சின்னப் பிள்ளையின் கதிதான் அதற்கு.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி... இவற்றுக்கு உணர்ச்சி கொடுப்பது அந்த நரம்பு. சுண்டு விரலுக்கு வேறு நரம்பு. ஆகவே, சுண்டு விரல் தப்பித்து மற்ற விரல்கள் மரத்தால், மணிக்கட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சரி, பகலில் விட்டுவிட்டு இரவில் ஏன் படுத்துகிறது? தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கி வைத்துக் கொள்கிறோம். மடங்கினால் குகைக்குள் அழுத்தம் ஏறுகிறது.

இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். அதிலும் நடுத்தர வயதில் அதிகம். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, மூட்டுவாதம், உடல் பருமன் இருந்தாலும் வரும். கர்ப்பிணிகளுக்கு வருவது பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் போய்விடும். கையை அழுத்திப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கும், அதிரும் இயந்திரத்தைப் பிடித்து வேலை செய்கிறவர்களுக்கும் வரும். "எந்நேரமும் செல்போன் பார்த்தால் இப்படித்தான்" என்று திட்டுகிறார்களே, அந்தத் திட்டுக்கு அவ்வளவு பலமான சாட்சியம் இல்லை!

டாக்டர்களும் ஏமாந்தார்கள்

வாயு என்று சொன்ன பாட்டியை நான் கேலி செய்ய மாட்டேன். பெரிய டாக்டர்களே ஏமாந்த நோய் இது. 1880-ம் ஆண்டிலேயே, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜேம்ஸ் புட்னம், இரவில் கை மரத்து விழித்துக்கொள்ளும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஆனால் காரணம் மணிக்கட்டில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பின்னால் வந்தவர்கள், கழுத்தில் கோளாறு என்று நினைத்து, அங்கே விலா எலும்பை வெட்டி எடுத்ததும் உண்டு! கை நோய்க்குக் கழுத்தில் கத்தி!

1950-களில், கிளீவ்லாந்து நகரத்து டாக்டர் ஜார்ஜ் பேலன் இந்த நோயைப் பற்றி விரிவாக எழுதினார். அதன் பிறகே எல்லா டாக்டர்களுக்கும் இது தெரிந்தது. அவர் பெயரில் ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்கும்படி மணிக்கட்டை மடக்கி, 1 நிமிடம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் விரல்கள் மரத்தால் சந்தேகம் பலமாகிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். நரம்பில் லேசாக மின்சாரம் செலுத்திப் பார்க்கும் பரிசோதனையும் இருக்கிறது.

ஏன் என்றால், மரப்பு எல்லாம் ஒன்று அல்ல. கழுத்து எலும்புத் தேய்மானத்திலும் கை மரக்கும். தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். திடீரென்று ஒரு பக்கக் கை மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். மார்பு வலியோடு கை வலித்தால் அது இதயம். இந்த இரண்டுக்கும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

என்ன வைத்தியம்?

ஆரம்பத்திலேயே போனால் வைத்தியம் சாதாரணமானது. மணிக்கட்டை நேராக நிறுத்தி வைக்கும் பட்டை ஒன்று கொடுப்பார்கள். இரவில் அதைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். சில வாரங்களில் பலருக்குக் குணம் தெரியும். சர்க்கரை, தைராய்டு இருந்தால் அதற்கும் மருந்து சாப்பிட வேண்டும். பட்டையால் கேட்காவிட்டால் மணிக்கட்டில் ஊசி போடுவார்கள். சீக்கிரம் சுகம் தெரியும். சில மாதங்களில் தொல்லை திரும்பவும் கூடும்.

அதற்கும் மிஞ்சினால் ஆபரேஷன். இந்தச் சொல்லைக் கேட்டதும் அக்காள் அழுதுவிட்டாள். "நரம்பை வெட்டினால் கை விளங்காமல் போய்விடுமே!" என்றாள். வெட்டுவது நரம்பை அல்ல. கூரையாக இருக்கிறதே நார்ப்பட்டை, அதைத்தான். கூரையைத் திறந்தால் நரம்புக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. கையை மட்டும் மரக்க வைத்துச் செய்கிறார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். உள்ளங்கையில் சில வாரங்கள் நோவு இருக்கும்.

அக்காளுக்கு ஆபரேஷன் ஆனது. இரவு எரிச்சல் போய்விட்டது. ஆனால் கரைந்த சதை திரும்பவில்லை. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் சதை கரையாமல் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அப்போது நானும் மச்சானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவள் இரவில் கையை உதறியது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வீட்டு ஆண்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மனைவிக்குப் பட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் ஈரப் போர்வையைப் பிழிய அவள் கையிலேயே கொடுக்கிறோம். தேங்காய் துருவுவதும் அவள்தான். ஆண்பிள்ளை பிசைந்தால் சப்பாத்தி மாவு இளகாதா? போர்வை பிழிந்தால் மீசை உதிர்ந்துவிடுமா? மச்சான் இப்போது போர்வை பிழிகிறார். நானே பார்த்தேன்.

போன ஆண்டு அக்காளுக்கு இடது கையும் மரக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை அவள் பூண்டைத் தேடவில்லை. மறுவாரமே டாக்டரிடம் போனாள். இரவில் பட்டை கட்டினாள். 2 மாதத்தில் சரியாகிவிட்டது. ஊசியில் நூல் கோக்க மட்டும் வலது கை இன்னும் ஒத்துழைப்பதில்லை. அதை மருமகள் கோத்துக் கொடுக்கிறாள்.