மடக்குக்கத்தியின் பூட்டும் பிடியும்

மடக்குக்கத்தி போன்ற சிறு கருவியொன்றைக் குறித்துக் கல்லூரி இதழில் எழுதப் புகுந்தமை கண்டு நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். தாவரவியல் மாணவர் கொம்பு நறுக்குவதும், விடுதி மாணவர் மாம்பழம் அரிவதும், யாம் பென்சில் சீவுவதும் அக்கருவியைக் கொண்டே. ஒருமுறையேனும் அதனாற் கையைக் கீறிக்கொள்ளாதவர் நம்முள் மிகச் சிலர்.

சில ஆண்டுகளுக்கு முன் மலைச்சாரலுக்குச் செடி சேகரிக்கச் சென்ற குழுவொன்றில் யாமும் இருந்தேம். மாணவரொருவர் காய்ந்த மூங்கிலில் துளையிட விரும்பிக் கத்தியின் நுனியை ஊன்றி அழுத்தினார். அலகு மடங்கிச் சுட்டுவிரலை ஆழ அறுத்துவிட்டது. அன்றிரவு கூடியிருந்தோர் அனைவரும், பூட்டுள்ள கத்தி வாங்கியிருந்தால் இத்தீங்கு நேர்ந்திராது என்றனர். யாமும் அவ்வாறே எண்ணினேம். மறுநாட் காலை அக்கத்தியைக் கழுவிக் கையிலெடுத்தபொழுதுதான் ஐயம் பிறந்தது. அதன் பிடியில் மூன்று விரல்களே அமைந்தன. நான்காவது விரல் அலகின் அடியை நோக்கி முன்னே தள்ளப்பட்டது. ஈரக் கையில் அது மீன்போல் வழுவிற்று. விரல் அறுபட்டது பூட்டில்லாக் குறையாலோ, பிடியின் குற்றத்தாலோ?

கடைக்குச் செல்வோர் முதலிற் கேட்பது பூட்டையே. முதலிற் பார்க்க வேண்டியது பிடி என்பது எமது துணிபு.

பூட்டில்லாத கத்தியென்று நாம் கூறுவதிலும் ஒரு தடை உண்டு. பிடியின் முதுகில் அமைந்த விற்பட்டை அலகின் அடியை அழுத்தி, விரிந்த நிலையில் அதனை நிறுத்துகின்றது. இறகுப் பேனாவைச் சீவிய காலத்திற் பிறந்த பேனாக்கத்தியும் இவ்வினத்ததே. பழம் அரியும்பொழுதும் கயிறு அறுக்கும்பொழுதும் நாம் கொடுக்கும் விசை அலகை விரிக்கும் பக்கமே செல்லுகின்றது. ஆதலின் இவ்வேலைகளுக்குப் பூட்டு வேண்டுவதில்லை. குத்துவதும் நெம்புவதுமே அதனை மடக்குவன. சுவிட்சர்லாந்துப் படையினர்க்கு 1891 முதல் வழங்கப்பெற்ற கத்தி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இவ்வாறே இருந்தது. அவர்க்குப் பூட்டுள்ள அலகு கிடைத்தது 2008-இல் தெரிந்தெடுக்கப்பெற்ற புதுமாதிரியிலேதான். யப்பான் நாட்டு மிக்கி நகரத்து ஹிகோனோகாமி என்னுங் கத்திக்கோ வில்லும் இல்லை. மடித்த தகடே பிடி. அலகின் அடியிலிருந்து நீளும் சிறு வாலொன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பதே பூட்டு.

பிரான்சு நாட்டுச் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-இல் அமைத்த கத்தியை இவற்றுள் யாம் பெரிதும் விரும்புகின்றேம். புங்கம் போன்ற நம்மூர் மரமன்று. பீச்சு மரத்தைக் கடைந்து, நடுவிற் சற்றே பருத்ததாகச் செய்த பிடி. அலகு திரும்புமிடத்தில் ஓர் இரும்புப் பூண். 1955-இல் மார்செல் ஒப்பினெல் அப்பூணின் மேல் சுழலும் வளையமொன்றைச் சேர்த்தார். அதனைத் திருகினால் அலகு மடங்காது. அதுவரை அறுபத்தைந்து ஆண்டுகள் பூட்டின்றியே அக்கத்தி உழவர் கையிலும் இடையர் கையிலும் வழங்கியதென்பது நினைக்கத்தக்கது. அது நிலைத்தமைக்குக் காரணம் பிடியே: எவ்வளவு பெரிய கையிலும் எவ்வளவு சிறிய கையிலும் அது பொருந்துகின்றது. குறையும் உண்டு. மழைக்காலத்தில் மரம் ஊறிப் பருத்து அலகைக் கவ்விக்கொள்ளும். அப்பொழுது பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலை காட்டும். மேசைக்குரியவர் முகஞ்சுளிப்பது வேறு செய்தி.

நிற்க. முதுகுப்பூட்டு என்பது அமெரிக்காவில் பக் என்பார் 1964-இல் வெளியிட்ட 110 எண்ணுள்ள வேட்டைக்கத்தியாற் பெரும்புகழ் எய்திற்று. முதுகிலுள்ள நெம்புகோலின் பல் அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் விழுந்து பற்றும். உறுதியானது, இடக்கை வலக்கை என்னும் வேற்றுமையும் அதற்கில்லை. ஆயின் சட்டைப்பையின் பஞ்சு அப்பள்ளத்தில் அடைந்துகொண்டால் பல் முழுதும் விழாது. பூட்டியதாக நம்மை ஏமாற்றும். கருங்காலிப் பிடியும் பித்தளைப் பூண்களும் கண்ணுக்கினியன. இருநூறு கிராம் எடை இடுப்புக்கு இனியதன்று.

பிடியின் உட்தகடே பக்கவாட்டில் வளைந்து அலகின் பின்னே முட்டுக்கொடுக்கும் பூட்டு வேறொன்று. மின்கம்பி வேலை செய்வார் கத்தியிற் பண்டே இருந்த இதனை மைக்கேல் வாக்கர் 1980-களிற் திருத்தியமைத்தார். இன்று விற்பனையாவனவற்றுட் பல இவ்வகையின. இதனை மூடுவதற்குக் கட்டைவிரலை அலகு வரும் வழியிலேயே வைத்தல் வேண்டும்! விரலைக் காக்க வந்த பூட்டு விரலையே பணயமாகக் கேட்பது எமக்கு உடன்பாடன்று. அன்றியும், யாம் இடக்கைப் பழக்கமுடையேம். வலக்கையார்க்கென வெட்டப்பட்ட அத்தகட்டோடு யாம் படும் பாட்டை வலக்கையார் அறியார். கிறிஸ் ரீவ் என்பார் உட்தகட்டை விடுத்துப் பிடியின் ஒரு பக்கத்தையே பிளந்து பூட்டாக்கினார். இறுகப் பிடிக்குந்தோறும் பூட்டும் இறுகும். பூட்டும் பிடியும் ஒன்றேயாயின. மூடும்பொழுது விரலுக்கு நேரும் இடர் மட்டும் இதிலும் தீரவில்லை.

1998-இல் பெஞ்ச்மேடு நிறுவனத்தார் வெளியிட்ட குறுக்குத்தண்டுப் பூட்டு அவ்விடரைத் தீர்த்தது. இருபுறமும் நீட்டிநிற்கும் தண்டைப் பின்னிழுத்தால் அலகு தானே சாயும். விரல்கள் வழியில் நில்லா. இடக்கையார்க்கும் வலக்கையார்க்கும் ஒரே நீதி. அதனைத் தாங்கும் மெல்லிய வில் ஒடிவதுண்டு.

இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று அங்குலத்திற்கு மேற்படாத கூருடைய மடக்குக்கத்தியைப் பொதுவிடத்தில் வைத்திருக்க இசைகின்றது. பூட்டிக்கொள்ளுங் கத்தி அவ்விசைவில் அடங்காதென்று பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தக்க காரணம் காட்டினாலன்றி அது குற்றமாம். பாதுகாப்புக்கென அமைந்த உறுப்பு குற்றத்தின் குறியாவது முறையன்றென முன்னர்ச் சினந்தேம். இப்பொழுது அச்சினம் தணிந்தது. பூட்டில்லாமலே அந்நாட்டார் பழம் அரிகின்றனர், பென்சில் சீவுகின்றனர்.

ஆகவே கத்தி வாங்கும் மாணவர் அலகை விரிக்குமுன் பிடியை இறுகப் பற்றிப் பார்க்க. நான்கு விரலும் அமைகின்றனவா? விரல் முன்னே வழுவாதபடி அடியிற் புடைப்பேனும் பள்ளமேனும் உண்டா? விரலுக்கு விரல் பள்ளம் தோண்டிய பிடி கடையிற் கவர்ச்சியாயிருக்கும். செய்தவன் கைக்கன்றி மற்றவர் கைக்கு அது பொருந்துவது அரிது. சட்டைப்பையில் மாட்டும் கொக்கி உள்ளங்கையை உறுத்துகின்றதா என்பதையும் நோக்குக. கண்ணாடியிழைப் பிசின் பிடி ஈரத்திலும் வழுவாது. காற்சட்டைப் பையைத் தேய்த்துவிடுவது அதன் குற்றம். இவை தேறிய பின்னரே பூட்டைப் பேசலாம்.

விரல் அறுபட்ட மாணவர் மறு ஆண்டும் எம்மோடு மலைக்கு வந்தார். பருத்த மரப்பிடியுள்ள புதுக்கத்தியொன்று அவரிடமிருந்தது. மூங்கிலில் துளையிடுவதற்கென ஒரு குத்தூசியும் கொண்டுவந்திருந்தார்.